வில்லுக்கத்தி வாங்கப் போறீங்களோ, முதல் மூட்டைப் பாருங்கோ

கத்தி ஒண்டைக் கையில குடுத்தா எங்கட ஆக்கள் முதல் செய்யிறது பெருவிரலால கத்தியின்ர வாயை, எண்டா வெட்டிற விளிம்பை, தடவிப் பாக்கிறதுதான். கூரா இருந்தா திறம் கத்தி, மொட்டையா இருந்தா கூடாத கத்தி, அதோட கதை முடிஞ்சுது. மீன் வெட்டிற கத்திக்கு உது ஓரளவு சரி, ஆனா மடக்கிப் பொக்கற்றுக்குள்ள வைக்கிற கத்திக்குச் சரிவராது. மொட்டையாப் போன கத்தியை அரை மணித்தியாலம் கல்லில தீட்டினா கூர் வந்திடும், பிடி வெடிச்சா வேற பிடி போடலாம், மேலால பிடிச்ச கறளைத் தேய்ச்செடுக்கலாம், ஆனா அலகும் பிடியும் சேருற அந்த மூட்டு தேஞ்சு ஆடத் தொடங்கினா பிறகு அதில பெரிசா ஒண்டும் செய்யேலாது. எங்கட பழைய ஆக்கள் இதை வில்லுக்கத்தி எண்டுதான் சொல்லுவினம், கத்திக்கு முன்னால வில்லு எண்ட சொல்லுத்தான் நிக்குது. பின்பக்கம் கிடக்கிற அந்த இரும்புப் பட்டைதான் வில்லு, அதுதான் அலகைத் திறந்த நிலையிலயும் மடிச்ச நிலையிலயும் அழுத்திப் பிடிச்சு வைச்சிருக்கிறது. அதால கத்தி வாங்கப் போற ஆருக்கும் நான் சொல்லுறது, வாயைப் பாக்க முதல் மூட்டைப் பாருங்கோ எண்டுதான்.

யாழ்ப்பாணத்தில மடக்குக் கத்தி எங்கயிருந்து வருது எண்டா கூடுதலா மூண்டு வழி. சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனியில இருந்து லீவுக்கு வாற சொந்தக்காரர் கொண்டுவந்து தாறது ஒண்டு. நல்லூர்த் திருவிழாக் கடையளிலயும் ஹாட்வெயார் கடையளிலயும் விக்கிற, பெட்டியில ஒழுங்கா ஒரு பேரும் இல்லாத சாமான் ரெண்டாவது. பழைய வீடுகளைத் திருத்தேக்க அலுமாரி லாச்சிக்குள்ள இருந்து வெளிய வாற இங்கிலீஸ்காரன் காலத்துக் கத்தி மூண்டாவது. மூண்டுக்கும் விலை மதிக்கிற விதம் வேற வேற, ஆனா கையில எடுத்துப் பாக்கிற ஒழுங்கு ஒண்டுதான்.

கடையில கத்தியைத் தந்த உடன திறக்காதேங்கோ. மடிச்சபடியே வெளிச்சத்துக்கு எதிராப் பிடியுங்கோ, யன்னலுக்குக் கிட்ட நிண்டா நல்லது, இல்லாட்டி போன் ரோச்சை மற்றப் பக்கம் பிடிக்கலாம். வில்லுக்கும் அதுக்கு ரெண்டு பக்கத்திலயும் கிடக்கிற தகட்டுக்கும் இடையில வெளிச்சம் வரக்கூடாது. மயிர் மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் அதுக்குள்ள தண்ணி இறங்கும், உப்புக்காத்து இறங்கும், காரைநகர், பருத்தித்துறை, குருநகர்ப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை, உள்ளுக்குள்ள கறள் கட்டி வில்லு இறுகிப்போம். பிறகு அலகின்ர முனையைப் பாருங்கோ. மடிச்சிருக்கேக்க அது பிடிக்குள்ள முழுசா அமந்திருக்கவேணும், விரலால மேலால தடவினா கீறக்கூடாது, கொஞ்சம் வெளிய நிண்டாலே முதல் பொக்கற் கிழியும், ஒரு நாளைக்குக் கையும் கிழியும். அலகு ரெண்டு தகட்டுக்கும் நடுவில கிடக்கவேணும். ஒரு பக்கம் சாஞ்சு தகட்டில உரசுதெண்டா, ஸ்குரூ போட்ட கத்தியில கொஞ்சம் இளக்கி இறுக்கிப் பாக்கலாம், ஆணி அடிச்ச கத்தி எண்டா அது பூட்டேக்கயே கோணலாப் பூட்டினது, இல்லாட்டி ஆரோ அதைப் போட்டு நெம்பினது, நான் வாங்கமாட்டன்.

இப்ப திறவுங்கோ, மெதுவா, நகம் போடுற பள்ளத்தில பிடிச்சு. நல்ல வில்லு முதல்ல இறுக்கமா நிண்டு, பாதியில வழுகி, கடைசியில 'டக்' எண்டு விழும், அந்தச் சத்தம் துப்பரவா இருக்கவேணும். சில கத்தியள் சரியாப் பாதியில ஒருக்கா நிண்டு போகும், அது மடக்கேக்க அலகு ஒரேயடியா விரலில விழாமல் இருக்கிறதுக்குச் செய்யிறது. 'தொப்' எண்டு சோம்பலா விழுந்தா வில்லு தளந்துபோச்சு எண்டு அர்த்தம். கறகற எண்டா பயப்பிடாதேங்கோ, அது அநேகமா உள்ளுக்குள்ள கிடக்கிற மண்ணும் காஞ்ச எண்ணெயும்தான், கழுவினாப் போயிடும். அடுத்தது வில்லின்ர முதுகை விரலால தடவுங்கோ. மடிச்சிருக்கேக்கயும் திறந்திருக்கேக்கயும் அது பக்கத் தகட்டோட ஒரே மட்டத்தில இருக்கவேணும், படி மாதிரித் தட்டுப்படக்கூடாது. திறமான கத்தி எண்டா பாதி திறந்த நிலையிலயும் அதே மட்டத்தில நிக்கும், அப்பிடி நிக்கோணுமெண்டா அலகின்ர அடியை ஆரோ ஒருத்தர் பொறுமையா அராவிப் பொருத்தியிருக்கவேணும். அந்த இடத்தைத் தடவிப் பாத்தாலே செய்த ஆளின்ர கை தெரியும், பெட்டியில எழுதியிருக்கிறதை விட எனக்கு அதில நம்பிக்கை கூட.

திறந்த கத்தியை ஒரு கையால பிடியிலயும் மற்றக் கையால அலகின்ர முதுகிலயும் பிடிச்சு ரெண்டு மாதிரி ஆட்டிப் பாருங்கோ, பக்கம் பக்கமா ஒருக்கா, மேல கீழ ஒருக்கா. பக்கம் பக்கமா ஆடினா அது ஆணி தளந்தது, ஸ்குரூ எண்டா இறுக்கலாம், ஆணி எண்டா கை பழகின ஆள் ஒருத்தர் ஆணித்தலையில சின்னச் சுத்தியலால தட்டி இறுக்கலாம். மேல கீழ ஆடுறதுதான் பெரிய வில்லங்கம். அப்பிடி எண்டா அலகின்ர அடியும் அதைத் தாங்கிற வில்லோ, லொக் எண்ட பூட்டோ தேஞ்சுபோச்சு எண்டு அர்த்தம், தேஞ்ச இரும்பைத் திரும்பி வளத்தெடுக்கேலாது.

இதை நான் புத்தகத்தில படிச்சுப் பழகேல்லை. கன வருசத்துக்கு முதல் ஒரு கடையில கறுப்புப் பூச்சுப் பூசின, பாக்க நல்ல வடிவான மடக்குக் கத்தி ஒண்டு வாங்கினன், ஒரு கையால திறக்கலாம், உள்ளுக்குள்ள லொக் இருக்கு, கூரும் அந்த மாதிரி. ரெண்டு மாசம் கழிய தோட்டத்தில ஹோஸ் பைப் ஒண்டை வெட்டப்போய்க் கத்தி இறுகி நிண்டிட்டு, நான் கொஞ்சம் மேல நெம்பினன், லொக் விட்டுது, அலகு அப்பிடியே மடிஞ்சு சுட்டுவிரலில இறங்கிச்சுது. நாலு தையல். இப்பவும் மழைக்காலத்தில அந்த இடம் விறைக்கும். பிறகு கத்தியைக் கழட்டிப் பாத்தா லொக் தகடு பேப்பர் மாதிரி மெல்லிசு, அலகின்ர அடியில நுனி மட்டும்தான் முட்டிக்கொண்டு நிண்டிருக்கு. வாங்கின அண்டைக்கு ஒரு நிமிசம் உள்ளுக்குப் பாத்திருந்தா அது கண்ணில பட்டிருக்கும். அதால லொக் கதையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

பக்கத் தகடே வளைஞ்சு வந்து அலகின்ர அடியில முட்டிக்கொண்டு நிக்கிறது லைனர் லொக். திறந்துபோட்டு உள்ளுக்குப் பாத்தீங்களெண்டா அந்தத் தகடு அலகின்ர அடியில எவ்வளவு தூரம் வந்து நிக்குது எண்டு தெரியும். புதுக் கத்தியில கால்வாசியில இருந்து அரைவாசிக்குள்ள நிண்டா நல்லது. விளிம்பில மட்டும் தொட்டுக்கொண்டு நிண்டா என்ர விரலுக்கு நடந்ததுதான் நடக்கும். ஒரேயடியா மற்றப் பக்கம் வரைக்கும் போய் முட்டியிருந்தா தேய்ஞ்சு முடிஞ்ச கத்தி. முதுகுப்பக்கம் அமத்தி விடுற லொக் எண்டா, அமெரிக்காவில பக் கொம்பனி 1960களில கொண்டுவந்த 110 மொடலில இருக்கிற மாதிரி, அது கனம் கூட, ஆனா நம்பி வேலை செய்யலாம், அதில பாக்கவேண்டியது அந்தக் கொளுவிற பள்ளத்துக்குள்ள ஊத்தை நிரம்பிக் கிடக்குதோ எண்டதுதான், ஊத்தை கிடந்தா லொக் முழுசா விழாது. எந்த லொக் எண்டாலும் வாங்க முதல், வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பாக்க, விரலெல்லாம் அலகு மடியிற வழியில இருந்து எடுத்துப்போட்டு, முதுகை ஒரு பலகையில வைச்சு மெதுவா அழுத்திப் பாருங்கோ. ஓங்கி அடிக்கிறேல்லை, அடிச்சா நல்ல லொக்கும் பழுதாகும்.

லொக் இல்லாத கத்தி குறைஞ்ச கத்தி எண்டு நினைக்காதேங்கோ. மாங்காய் வெட்ட, நூல் அறுக்க, சாக்குக் கட்டு அவிழ்க்க, பென்சில் சீவ வில்லு மட்டும் காணும், ஏனெண்டா வெட்டேக்க விழுற பாரம் அலகைத் திறக்கிற பக்கமாத்தான் தள்ளும். குத்துறதும் நெம்புறதும்தான் அதுக்குக் கூடாது.

இனி அலகு. இதில எங்கட ஆக்கள் செய்யிற பெரிய பிழை தடிச்ச அலகுதான் பலமான அலகு எண்டு காசு குடுக்கிறது. ஒரு கறுத்தக்கொழும்பான் மாங்காயை எடுங்கோ, நல்லாப் பழுக்க முதல், செங்காயா இருக்கேக்க. முதுகில 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள கத்தியால வெட்டினா பாதி வழியில பழம் 'படக்' எண்டு வெடிச்சுப் பிளக்கும், கத்தி வெட்டேல்லை, ஆப்பு வைச்ச மாதிரிப் பிளந்திருக்கு. அதே மாங்காயை 2 மில்லிமீற்றருக்கு உட்பட்ட மெல்லிசு அலகால வெட்டினா துண்டு கண்ணாடி மாதிரி விழும். பிரான்ஸ் ஆக்கள் கொண்டுவாற ஒப்பினல் 8ஆம் நம்பர் கத்தியின்ர அலகு அண்ணளவா 1.7 மில்லிமீற்றர்தான், 8.5 சென்ரிமீற்றர் நீளம், பாக்க விளையாட்டுச் சாமான் மாதிரி, ஆனா பழம், மரக்கறி, பாண், கயிறு எல்லாத்துக்கும் அதை விட நல்லா வெட்டிற கத்தி அந்த விலைக்கு நான் பாக்கேல்லை. முதுகுத் தடிப்பை மட்டும் பாத்தும் முடிவெடுக்கேலாது, முதுகில இருந்து வாய் மட்டும் எப்பிடி மெலிஞ்சு வருது எண்டு முனைப்பக்கமா நேர பிடிச்சுப் பாருங்கோ. முதுகில இருந்தே ஒரே சரிவா மெலிஞ்சு வாறது வெட்டுறதுக்கு நல்லது. பாதி மட்டும் தடிப்பா வந்து கடைசியில திடீரெண்டு சரிஞ்சா, எவ்வளவு தீட்டினாலும் உள்ளுக்குப் போகேக்க சிக்கும்.

வடிவத்தை உங்கட வேலையை வைச்சுத் தெரிவு செய்யுங்கோ. வாய் நேரா, முதுகு முனையில வளைஞ்சு இறங்கிற மாதிரி இருக்கிறது பலகையில வைச்சுக் கயிறு, தோல் வெட்ட நல்லது, குத்துற முனை இல்லாதபடியால ஆடுற வள்ளத்துக்குள்ள நிண்டு வேலை செய்யிற ஆக்களுக்கும் பாதுகாப்பு. உள்ளுக்கு வளைஞ்ச, கிளிச்சொண்டு மாதிரி அலகு முந்திரிகைக் கொடி, வெத்திலைக் கொடி அறுக்கிறவைக்கு, ஆனா அதைத் தட்டைக் கல்லில தீட்டேலாது, உருட்டுக் கல்லோ தடி மாதிரிக் கல்லோ வேணும், அதையும் யோசிச்சு வாங்குங்கோ. ஒட்டுக்கண்டு கட்டுற ஆக்களுக்கெண்டு ஒரு பக்கம் மட்டும் சரிவா அரைச்ச, பட்டை கிளப்பிற நாக்கு வைச்ச மடக்குக் கத்தி தனிய இருக்குது, அது அந்த வேலைக்கு மட்டும்தான். மிச்ச எல்லாருக்கும் சாதாரண ஈட்டி வடிவ அலகு, உள்ளங்கை அகலத்துக்குக் கிட்டவா நீளம், அவ்வளவும் காணும்.

இன்னுமொரு சின்ன இடம், ஆனா கன கத்தி இதில பிழைச்சுப் போகும். வாய் பிடியோட சேருற இடத்தில கூர் கடைசி மட்டும் வந்திருக்குதோ, இல்லாட்டி கொஞ்சம் தடிப்பா மொட்டையா முடியுதோ எண்டு பாருங்கோ. மொட்டையா முடிஞ்சா பத்துத் தரம் தீட்ட அந்த இடம் மேடாப்போய் வாய் உள்வளைஞ்சு போகும். அதோட மெதுவா மடக்கேக்க வாய் உள்ளுக்கு வில்லில முட்டுதோ எண்டும் கவனியுங்கோ. மெல்லிசா ஒரு பேப்பர்த் துண்டை உள்ளுக்கு வைச்சு மடிச்சா, முட்டுற கத்தி பேப்பரில வெட்டு விழுத்தும்.

ஸ்டீல் விசயத்தில ஒரு பெரிய பிழையான நம்பிக்கை எங்கட பக்கம் ஓடித்திரியுது, காந்தம் ஒட்டினா அது எவர்சில்வர் இல்லை, ஏமாத்துச் சாமான் எண்டு. பானை சட்டிக்கு அது கூடுதலாச் சரி, குரோமியத்தோட நிக்கலும் சேத்துச் செய்யிற அந்த ஸ்டீலில காந்தம் ஒட்டாது. ஆனா அந்த ஸ்டீலைச் சூடாக்கித் தோய்ச்சு வைரமாக்கேலாது, எண்டா கடினமாக்கேலாது, அதால அதில கத்தி செய்தா கூர் நிக்காது. கத்திக்குப் பாவிக்கிற கறள் பிடிக்காத ஸ்டீல் வேற, குரோமியமும் கரியும் சேந்தது, அதில காந்தம் நல்லா ஒட்டும், ஒட்டவும் வேணும். காந்தம் ஒட்டாத அலகு எண்டு ஆராவது பெருமையாக் காட்டினா, சும்மா வைச்சுப்போட்டு வந்திடுங்கோ.

அலகில வெறுமன ஸ்ரெயின்லெஸ் எண்டு மட்டும் அடிச்சிருந்தா அது அநேகமா மென்மையான, மலிஞ்ச ஸ்டீல். 440 எண்டு போட்டு பக்கத்தில ஏ, பி, சி ஒரு எழுத்தும் இல்லாட்டி அதையும் பெரிசா எடுக்காதேங்கோ. 8சிஆர்13எம்ஓவி எண்டு அடிச்சு வாற சீனக் கத்தியள் விலைக்கு நல்ல சாமான், 14சி28என் எண்டது சுவீடன் ஸ்டீல், உப்புக்காத்துக்கும் தாங்கும், தீட்டவும் லேசு. டீ2 எண்டது கூர் கன நாளைக்கு நிக்கும் ஆனா முழுசாக் கறள் பிடிக்காத ஸ்டீல் இல்லை, கடலுக்குக் கிட்ட இருக்கிறவை யோசிச்சு வாங்குங்கோ. சுவிஸ் விக்ரோரினொக்ஸ் அலகு, ஸ்டீலின்ர கடினத்தை அளக்கிற எச்ஆர்சி எண்ட அளவில 56 தான், இன்ரநெட்டில கன பேர் அதைக் குறைச்சுக் கதைப்பினம், ஆனா எங்கட வீட்டுக் கல்லில அஞ்சு நிமிசத்தில கூர் வாறதெண்டா அது பெரிய குணம். 60க்கு மேல போன ஸ்டீலை வாங்கி வைச்சுக்கொண்டு தீட்டக் கல்லில்லாமல் நிக்கிற ஆக்களையும் எனக்குத் தெரியும். டமஸ்கஸ் எண்டு அலையலையாக் கோடு போட்டு வாறதில கனக்க வெறும் மேற்பூச்சுக் கோடு, முதுகிலயும் அந்தக் கோடு தொடர்ந்து வருதோ எண்டு பாருங்கோ, பக்கத்தில மட்டும் நிண்டா அச்சடிச்சது.

கறள் பிடிக்கிற பழைய கரி ஸ்டீலை ஒதுக்காதேங்கோ. தேசிக்காயும் மாங்காயும் பட அது கறுக்கும், சாம்பல் நிறமாகும், அந்தக் கறுப்பு அழுக்கில்லை, அது ஒரு போர்வை மாதிரி, சிவப்புக் கறளைத் தள்ளிவைக்கும். கூர் எண்டா அதுக்குக் கிட்ட வாற சாமான் குறைவு. ஹரி பிரேர்லி எண்டவர் இங்கிலாந்தின்ர ஷெஃபீல்டில கறள் பிடிக்காத ஸ்டீலைக் கொண்டுவந்தது 1913 இலதான், அதால பேரன் காலத்துக் கத்தி, நூற்றிருபது வருசப் பழசு எண்டு ஒருத்தர் பளபள எண்டு ஸ்ரெயின்லெஸ் அடிச்ச கத்தியைக் காட்டினா அந்தக் கதை பிழை எண்டு உடன சொல்லலாம்.

பிடியைப் பாக்கிறதெண்டா வடிவைப் பாக்கிறேல்லை, கத்தியை இறுக்கிப் பிடிச்சு ஒரு நிமிசம் பலகையில அழுத்துங்கோ. உள்ளங்கையில எங்கயாவது ஒரு மூலை குத்தினா, அந்த இடம் அரை மணித்தியால வேலையில கொப்பளமாகும். கை ஈரமா இருக்கேக்க திறக்க ஏலுமோ எண்டும் பாருங்கோ, மீன் பிடிக்கிறவைக்கும் நுங்கு குடிக்கிறவைக்கும் காஞ்ச கை கிடைக்காது. இப்ப வாற கத்தியளில பொக்கற்றில கொளுவ ஒரு கிளிப் வருது, 1981 இல ஸ்பைடர்கோ கொம்பனி கொண்டுவந்த பிறகுதான் அது பரவினது, காற்சட்டைக்கு நல்ல விசயம், ஆனா சாரம் கட்டிற எங்கட அப்பாமாருக்கு அந்தக் கிளிப்பால ஒரு பிரியோசனமும் இல்லை, சாரத்தை இழுத்துக் கிழிக்கும். அவைக்கு பின்னால வளையம் இருக்கிற கத்தியா வாங்கிக் குடுங்கோ, நூலில கட்டி இடுப்பில சொருகலாம், பனையடியில குனிஞ்சாலும் விழாது. கனமும் அப்பிடித்தான், மடியில 200 கிராம் இரும்பு கிடந்தா ரெண்டு நாளில வீட்டிலயே விட்டிட்டுப் போவினம்.

மரப்பிடி எங்கட மாரிமழைக்கு ஊதும். ஒப்பினல் வைச்சிருக்கிறவை ஐப்பசி, கார்த்திகையில அலகு வெளிய வரேல்லை எண்டு கவலைப்படுவினம். பிடியின்ர பின்பக்கத்தை மேசை விளிம்பில ஒருக்காத் தட்டினா அலகின்ர முதுகு கொஞ்சம் எழும்பும், பிறகு பிடிச்சு இழுக்கலாம், ஒப்பினல் செய்யிற பிரான்ஸின்ர சவோய் மலைநாட்டு ஆக்களே அப்பிடித்தான் செய்யிறவை. கொம்புப் பிடி எங்கட வெயிலுக்குச் சுருங்கி ஆணியடியில வெடிக்கும், வாங்கேக்க அந்த இடத்தைப் பாருங்கோ. பழைய கத்தியளில ஆமை ஓடு மாதிரி, முத்துச்சிப்பி மாதிரி மினுங்கிற பிடி இருந்து கற்பூர வாசம் வந்தா அது செலுலொயிட் எண்ட பழைய காலத்துப் பிளாஸ்ரிக், பழசாக அதில இருந்து வாற ஆவி பக்கத்தில கிடக்கிற இரும்பையெல்லாம் அரிக்கும், கெதியா நெருப்பும் பிடிக்கும், மற்றக் கத்தியளோட ஒரே பெட்டியில வைக்காதேங்கோ. யானைத்தந்தப் பிடி எண்டு சொல்லி விலை கேட்டா அந்தப் பக்கம் போகவே வேண்டாம், 1989 இல சர்வதேச அளவில தந்த வியாபாரத்தைத் தடை செய்தாச்சு.

இப்ப பேரும் முத்திரையும். அலகின்ர அடியில, பிடியோட சேருற இடத்தில அடிச்சிருக்கிறதைத்தான் பாக்கவேணும், பிடியில இருக்கிற படம் ஆரும் ஒட்டலாம். சுவிஸ் கத்திக்கு கார்ல் எல்செனர் 1884 இல இபாக் எண்ட ஊரில பட்டறை திறந்தார், 1891 இல சுவிஸ் ஆமிக்குக் கத்தி குடுக்கத் தொடங்கினார், 1897 இல இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தச் சிவப்புக் கத்தியைப் பதிஞ்சார், தாயின்ர பேர் விக்ரோரியா, அதோட இனொக்ஸ் எண்ட ஸ்டீல் பேரும் சேந்து 1921 இல விக்ரோரினொக்ஸ் ஆச்சு. சிலுவை போட்ட சிவப்புக் கத்தி எல்லாம் அது இல்லை. அலகடியில விக்ரோரினொக்ஸ் எண்ட பேர் துப்பரவா அடிச்சிருக்கோணும், கத்திரிக்கோல் ஆடாமல் வெட்டவேணும், ஒவ்வொரு அலகும் ஒரே மாதிரி 'டக்' எண்டு விழவேணும். வெங்கர் எண்டு அடிச்சிருந்தா அதுவும் உண்மையான சுவிஸ் கத்திதான், 2005 இல விக்ரோரினொக்ஸ் அந்தக் கொம்பனியை வாங்கி, 2013 இல கத்தியில அந்தப் பேரை நிப்பாட்டினது, அதால வெங்கர் எண்ட பேரே கத்தியின்ர வயசை ஓரளவு சொல்லிப்போடும். ஒப்பினலில கிரீடம் வைச்ச கை முத்திரை இருக்கும், அந்தக் கத்தியை 1890 இல இருந்து செய்யினம், அந்தச் சுத்துற வளைய லொக் வந்தது 1955 இல, வளையம் இல்லாத பெரிய நம்பர் பழைய கத்தி கிடைச்சா கவனமாப் பாருங்கோ. லாகியோல் எண்டு தேனீ போட்டு வாறது கொம்பனிப் பேர் இல்லை, அது ஒரு பிரெஞ்சு ஊரின்ர பேர், ஒரு வடிவத்தின்ர பேர், கன பேர் அடிக்கினம், அதால அந்தப் பேருக்கெண்டு ஒரு சதமும் கூடக் குடுக்காதேங்கோ, மூட்டைப் பாத்துக் காசு குடுங்கோ. சொலிங்கன் அப்பிடியில்லை, ஜேர்மனியில அந்த ஊர்ப் பேருக்கு 1938 இல இருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கு.

ஷெஃபீல்ட் கத்திதான் எங்கட பழைய வீடுகளில வாறது. என்ர அப்பப்பாவிட்ட இருந்தது ஜோசப் ரொட்ஜர்ஸ் கொம்பனிக் கத்தி, நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் பக்கத்தில பக்கத்தில அடிச்சது, மேல கிரீடத்துக்கு ரெண்டு பக்கமும் ஜீ, ஆர் எண்டு எழுத்து. அந்த எழுத்து அரசரின்ர பேர், வீ ஆர் எண்டா விக்ரோரியா மகாராணி, அவ 1901 வரைக்கும், ஈ ஆர் எண்டா 1910 வரைக்கும் இருந்த எட்வேட், ஜீ ஆர் பிறகு வந்த ஜோர்ஜ்மார், கத்தியின்ர காலத்தை ஓரளவுக்கு அதால மதிக்கலாம். மேல பாக்கிற அம்புக்குறி அடிச்சிருந்தா அது பிரிட்டிஷ் ஆமிச் சாமான், ரெண்டாம் உலக யுத்தக் காலத்து, கறுப்புச் சொரசொரப்புப் பிடியும் ரின் திறக்கிறதும் உள்ள கத்தியள் அப்பிடி வாறது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில நாங்கள் வலிகாமத்தை விட்டு மழைக்குள்ள நடந்து போகேக்க அப்பப்பா எடுத்த சாமான் கொஞ்சம்தான், அந்தக் கத்தி அவற்ற மடியில இருந்தது. தென்மராட்சியில ஆற்றையோ வளவுக்குள்ள இருந்து அவர் அதால இளநி முட்டிக்குக் கரண்டி சீவித் தந்தது எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அலகு தேஞ்சு பாதியாப் போச்சு, எடுத்துப் பாக்கிற ஆருக்கும் விலை இல்லாத கத்தி, ஆனா இண்டைக்கும் 'டக்' எண்டு விழும், ஒரு மயிரளவும் ஆடாது.

அலகு எவ்வளவு மிச்சம் எண்டது பழைய கத்தியின்ர விலையில பெரிய பங்கு. நகம் போடுற பள்ளத்தைப் பாருங்கோ, அது முதுகுக்குக் கிட்டத்தான் அடிக்கிறது, பள்ளத்துக்கும் வாய்க்கும் இடையில இடமே இல்லை எண்டா தீட்டித் தீட்டித் தேஞ்சுபோச்சு. மடிச்சிருக்கேக்க முனை பிடியின்ர கடைசியில இருந்து எவ்வளவு உள்ளுக்கு நிக்குது எண்டு பாத்தாலும் தெரியும், முனை முறிஞ்சு திருப்பி அரைச்ச கத்தியும் அதில பிடிபடும். அடுத்தது, வாயில நீலமோ ஊதாவோ பூத்திருந்தா மெசின் சாணையில பிடிச்சுச் சூடாக்கிப் போட்டினம், அந்த இடத்தில வைரம் போச்சு, கூர் நிக்காது. புதுக் கத்தியைக் கொண்டுபோய் நெருப்புப் பொறி பறக்கச் சாணை பிடிக்கக் குடுக்கிற ஆக்களைப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறும், தயவு செய்து கையால, தண்ணி போட்டுக் கல்லில தீட்டுங்கோ. விக்கிறதுக்கெண்டு பளபளப்பா மினுக்கின பழங்கத்திக்கும் விலை குறைவு, முத்திரையின்ர ஓரமெல்லாம் மினுக்கேக்க அழிஞ்சு போகும், சேகரிக்கிற ஆக்கள் கறுத்த, தொடாத கத்தியைத்தான் தேடுவினம். அதால லாச்சிக்குள்ள ஒண்டு கண்டெடுத்தா எமரிப் பேப்பர் எடுத்துத் தேய்க்காதேங்கோ, எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊறவிட்டு, பழைய துணியால சிவப்புக் கறளை மட்டும் துடையுங்கோ.

விலை பேசேக்க நான் மனசில போடுற கணக்கு இப்பிடி. மேல கீழ ஆடினா, எந்தப் பெரிய பேர் எண்டாலும், பாவிக்க வாங்கமாட்டன். மூட்டு சரி, அலகு முழுசு, பிடி வெடிப்பு எண்டா புதுசின்ர அரைவிலைக்கு யோசிப்பன். மூட்டும் அலகும் சரி, பேர் இல்லாத கத்தி எண்டா சந்தோசமா வாங்குவன். ஒன்லைனில வாங்கிறதெண்டா விக்கிறவரிட்ட மூண்டு போட்டோ கேளுங்கோ, திறந்து முதுகுப்பக்கம் ஒண்டு, மடிச்சு அலகு தெரியிற பக்கம் ஒண்டு, அலகடி முத்திரை கிட்டத்தில ஒண்டு, அதோட திறந்து மூடுற ஒரு சின்ன வீடியோ, சத்தத்தோட. அனுப்ப மாட்டன் எண்டா விடுங்கோ. சொந்தக்காரர் வெளிநாட்டில இருந்து கொண்டுவாறதெண்டா லக்கேஜுக்குள்ள போடச் சொல்லுங்கோ, கைப்பையில வைச்சா எயார்போட்டில பறிச்சுப்போடுவினம். இங்க வந்த பிறகும் திருவிழாச் சனத்துக்குள்ளயும் கூட்டங்களுக்கும் அதைக் கொண்டு திரியாதேங்கோ, தோட்டத்துக்கும் வள்ளத்துக்கும் சமையலறைக்கும் உள்ள சாமான் அது.

வாங்கி வந்த அண்டைக்கே செய்யவேண்டியது ஒண்டு இருக்கு. மரப்பிடி, கொம்புப்பிடி இல்லாத கத்தி எண்டா இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்சம் சவர்க்காரம் போட்டு, தண்ணிக்குள்ளயே பத்துப் பதினைஞ்சு தரம் திறந்து மூடுங்கோ, உள்ளுக்கிருந்து கறுப்புத் தண்ணி வரும், அது தெளியும் மட்டும் செய்யுங்கோ. மரப்பிடி எண்டா பழைய பல்லுத்தீட்டிற பிறஷால மூட்டை மட்டும் துடைச்சாக் காணும். வெயிலில நல்லாக் காயவைச்சிட்டு மூட்டில தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி, ஒரே ஒரு துளி. தேங்காயெண்ணெய் விடாதேங்கோ, கொஞ்ச நாளில அது பிசின் மாதிரிக் கட்டி வில்லைப் பிடிச்சுப்போடும். பிறகு ஒரு ஐம்பது தரம் திறந்து மூடிப்போட்டு, யன்னலடியில நிண்டு திரும்பவும் மேல கீழ ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ. ஊத்தை அடைச்சு ஆட்டத்தை மறைச்சு வைச்சிருந்தா இப்ப தெரிஞ்சிடும், கடைக்காரரிட்டத் திருப்பிக் குடுக்கிறதெண்டா அடுத்த நாளே கொண்டுபோய்க் குடுங்கோ.